ஒன்பதாவது நிறுத்தம்

சபீனா அல்வாலில் இருக்கும் வேதாவின் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. சாதர்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, வழி கேட்டுக் கேட்டு, வியாழக்கிழமை உச்சிவெயிலில் வந்து நின்றாள். முகத்திரையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பைக்குள் கரண்டு பில், வீட்டு வரி ரசீது, கணவன் இர்பானின் ஆதார் நகல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புகைப்படம். வேதா கொடுத்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அந்தப் படத்தை நீட்டினாள். ஒரு சுவர், சுவரில் நீலக் கோடு, பக்கத்தில் 1908 என்ற எண், கோட்டைத் தொட்டபடி சிரிக்கும் வேதா.

"நெட்டுலேர்ந்து எடுத்தாங்களாம்க்கா. எங்க வூடு ஆத்துக்குள்ள இருக்குங்கறதுக்கு இதான் சாட்சியாம். நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களேன்னு கேக்கறாரு ஆத்தங்கரையை அளக்க வந்த அந்த இன்ஜினியரு. நாங்க எழுதல சார், ஒரு அக்கா எழுதினாங்கன்னேன். அப்ப அந்த அக்காவைக் கூட்டிட்டு வாங்கறாரு."

எழுதிய அக்கா வேதாதான். ஏழு வருடமாக அந்தக் கோட்டைப் பற்றி ஓயாமல் பேசியவளும் அவள்தான்.

டெலிபோன் இலாகாவில் முப்பது வருடம் அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தே காலம் தள்ளியவள் அவள். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, இனி நாம் பேசலாம் என்று முடிவுசெய்துவிட்டாள் போலும். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு செகந்திராபாத்துக்கு வந்த முதலியார் குடும்பம். ஊர்க்கதை ரத்தத்திலேயே உண்டு. ஞாயிறுதோறும் காலை ஆறரைக்கு நயாபுல் பாலத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பாள். வருகிறவர்களை மூசி ஆற்றங்கரையோரமாக ஊர்க்கதை சொல்லியபடி நடத்திக்கொண்டு போவாள். பாலம், பழைய நூலகம், ஆஸ்பத்திரி வளாகத்தில் 1908 வெள்ளத்தின்போது நூற்றைம்பது பேரைத் தன் கிளைகளில் ஏற்றிக் காப்பாற்றிய புளியமரம் என்று எட்டு நிறுத்தங்கள். அவை எல்லாம் கட்டடமும் மரமுமாகத் தாமாகவே நின்றன. சாதர்காட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில், நடை முடிகிற ஒன்பதாவது இடத்தில்தான் ஒன்றுமில்லை. சாக்கடை நிறத்தில் ஓடும் தண்ணீரும் நாற்றமும் ஒரு வரிசை வீடுகளும்தான். ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவ்வளவுதானா என்பதுபோல் பார்ப்பார்கள்.

அந்த வரிசையில் கடைசி வீடு சபீனாவுடையது. ஒரு ஞாயிறு, நடந்து களைத்துத் தனக்குத்தானே தமிழில் புலம்பிக்கொண்டிருந்த வேதாவைக் கேட்டு, "நீங்க தமிழா?" என்று கதவைத் திறந்தவள் அவள். மேல்விஷாரத்துப் பெண். கட்டிக்கொடுத்து இங்கே வந்து, வீட்டில் உருது, கடையில் தெலுங்கு, ஸ்கூலில் மகள் இங்கிலீஷ் என்று காது புளித்துப் போயிருந்தவள். அன்றிலிருந்து நடை முடிந்ததும் அவள் வாசலில் எல்லோருக்கும் இஞ்சி டீ. வேதாவுக்கு மட்டும் கூடவே அரை மணி நேரத் தமிழ்ப் பேச்சு.

கோடு போட்டது அந்த முதல் வருடம்தான். வீட்டு கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த நீலப் பெயிண்டை டப்பாவோடு எடுத்துப்போனாள் வேதா. சபீனா ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். வெள்ளம் எதுவரை வந்தது என்று யாருக்குத் தெரியும்? கரையெல்லாம் மூழ்கியது என்று புத்தகத்தில் இருந்தது. இந்தச் சுவருக்கு எத்தனை அடி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தச் சுவரே அப்போது இல்லை. கை எட்டிய உயரத்தில் கோட்டை இழுத்து, வருடத்தை எழுதினாள். "அழகா இருக்குக்கா," என்றாள் சபீனா. அடுத்த வாரத்திலிருந்து கதை தானாக வளர்ந்தது. 'நீங்கள் நிற்பது தெரு இல்லை, நதியின் வயிற்றுக்குள்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாள். கேட்பவர்களுக்குச் சிலிர்க்கும். கோட்டைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ளாமல் ஒருவரும் போனதில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வேதாவின் வாயால் கெட்டது சபீனா.

ஆற்றங்கரையை அழகுபடுத்தப் போவதாக ஆட்கள் வந்து அளந்தபோது, இடிக்க வேண்டிய வீடுகளின் முதல் பட்டியலில் சபீனாவின் வீடு இல்லை. இரண்டாவது பட்டியலில் இருந்தது. சுவரில் சிவப்பு எழுத்தும் வந்தது. புதன்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும்.

"உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய்யாயிடும்க்கா," என்றாள் சபீனா. "மூணு நாளா உங்களைத் திட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா வேற யாருகிட்ட போவேன், சொல்லுங்க."

"ஹவ், ஆமா, திட்டு. திட்டினா தப்பே இல்ல," என்றாள் வேதா. "ஞாயித்துக்கிழமை அந்த இன்ஜினியர் யோகேஷே நம்ம நடைக்கு வர்றார். எல்லார் எதிர்லயும் சொல்லிடறேன். அழறது மட்டும் நக்கோ, வேணாம் சபீனா, என்னால பாக்க முடியாது."

அவர் ஏன் வருகிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. கரையோரம் வரப்போகிற நடைபாதைக்கு வேதாவின் வழியையே எடுத்துக்கொள்வதாக இருந்தார்கள். ஒன்பது நிறுத்தத்துக்கும் ஒன்பது கல். கல்லில் அவள் எழுதிய வாசகம், கீழே அவள் பெயர். ஒன்பதாவது கல் நிற்கப்போவது சபீனாவின் சுவர் இருக்கும் இடத்தில்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வேதா தன் நோட்டுகளைப் புரட்டினாள். பழைய வரைபட நகல்கள், நூலகத்தில் குறித்துக்கொண்ட பக்கங்கள், எல்லாம் தரையில் பரவிக் கிடந்தன. எதைத் தேடுகிறோம் என்பது பாதியில்தான் அவளுக்கே புரிந்தது. கோடு உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று தேடிக்கொண்டிருந்தாள். உண்மையாக இருந்தால் அவள் யோக்கியை, சபீனா தெருவில். பொய்யாக இருந்தால் சபீனாவுக்கு வீடு மிஞ்சலாம், வேதா ஏழு வருடப் பொய்க்காரி. இதில் எதை வேண்டுவது என்று மனம் ஒரு கணம் தயங்கியதே, அதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அழுதாள். கணவர் நாராயணஸ்வாமி எட்டிப் பார்த்து, "கல்லுல பேர் வரப்போவுதுன்னு ஆனந்தக் கண்ணீரா?" என்றார். பாவம், மனுஷருக்கு ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஹப்சிகுடாவிலிருந்து குடும்பமாக வந்திருந்த ஐ.டி.க்காரர்கள், ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர், கேமராக்களோடு இரண்டு பெண்கள், வெள்ளைச் சட்டையில் யோகேஷ். சின்ன வயதுதான், முப்பது இருக்கும். கெட்டவராகவும் தெரியவில்லை. புளியமரத்தடியில் அவர்தான் எல்லோரையும்விட நிறையக் கேள்வி கேட்டார். வேதா பதில் சொன்னாள். சொல்லும்போது தன் குரல் வழக்கம்போலவே ஏறி இறங்குவதைக் கவனித்து அவளுக்குக் கூசியது. எட்டு நிறுத்தமும் முடிந்து, நாற்றம் தொடங்குகிற இடத்துக்கு வந்தார்கள்.

வரிசையில் மூன்று வீடுகள் ஏற்கெனவே காலியாகிக் கூரையில்லாமல் நின்றன. சபீனா வாசலில் இருந்தாள். கையில் டீ இல்லை. உள்ளேயிருந்து அவள் மகள், "க்யா போலே அம்மி?" என்று, என்ன சொன்னார்கள் என உருதுவில் விசாரித்தது கேட்டது. சபீனா வேதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதா சுவருக்கு முன்னால் நின்றாள். கூட்டத்துக்குப் பேசுகிற இங்கிலீஷில் சொன்னாள். "இந்தக் கோட்டை வெள்ளம் போடவில்லை. நான் போட்டேன். எங்கள் வீட்டு கேட்டுக்கு வாங்கிய பெயிண்டில். வெள்ளம் இங்கே எவ்வளவு உயரம் வந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் ஏழு வருடமாகச் சொன்னது பொய்."

கர்னல் சிரித்துவிட்டுக் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கேமராப் பெண்களில் ஒருத்தி, வரலாறு என்பதே யாரோ போடும் கோடுதான் என்பதை எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டீர்கள் என்றாள். வேதா மறுபடி சொன்னாள், இந்தத் தடவை குரல் உடைந்தது. கைதட்டல் இன்னும் பலமாயிற்று. ஏழு வருடம் அவ்வளவு நன்றாகக் கதை சொல்லிப் பழக்கியிருந்தாள். அவள் எதைச் சொன்னாலும் அது கதையாகத்தான் அவர்கள் காதில் விழுந்தது.

யோகேஷ் மட்டும் தட்டவில்லை. அவளை ஓரமாக அழைத்துப்போய்த் தெலுங்கில் மெதுவாகப் பேசினார். "மேடம், இதே இடத்தில் நீங்கள் பேசிய வீடியோ நாற்பதுக்கு மேல் இருக்கிறது. எல்லாவற்றிலும் இது நதியின் வயிறு என்கிறீர்கள். நான் எதை எழுத? ஏழு வருஷம் சொன்னதையா, இன்றைக்குச் சொன்னதையா?"

"இன்னைக்குச் சொன்னதை."

"அப்படியானால் எழுதிக் கொடுங்கள். கோட்டுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினால், மற்ற எட்டு நிறுத்தங்களுக்கும் ஆதாரம் கேட்பார்கள். நடைபாதைக்கு வேறு ஆளைப் பார்ப்பார்கள். தெரிந்துதானே?"

தெரிந்துதான். சபீனாவின் மகள் தன் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். வேதா அந்த நீலக் கோட்டுக்குக் கீழேயே சுவரில் தாளை வைத்து எழுதினாள். செங்கல்லின் மேடுபள்ளத்தில் பேனா இரண்டு இடத்தில் தாளைக் குத்தியது. கையெழுத்துப் போட்டுத் தேதியும் இட்டாள். யோகேஷ் படித்துப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மேலே அனுப்பிவைக்கிறேன். முடிவு என் கையில் இல்லை. புதன்கிழமைக்குள் பதில் வருமா என்றும் சொல்ல முடியாது," என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேதாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது இர்பான் ஒரு டிராலி ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வந்து, உளியை வைத்து வாசல் கதவின் கீலைத் தட்டிக்கொண்டிருந்தான். தேக்குக் கதவு. சபீனாவின் வாப்பா மேல்விஷாரத்திலிருந்து லாரியில் போட்டு அனுப்பியது.

"எழுதிக் குடுத்துட்டேன் சபீனா," என்றாள் வேதா. "கொஞ்சம் பொறுக்கலாமே. கதவை ஏன் இப்பவே..."

"பாத்தேன்க்கா. நீங்க எழுதினதைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." சபீனாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று வேதாவுக்குத் தோன்றியது. "கடுதாசி அதும்பாட்டுக்கு வேலை செய்யட்டும். பக்கத்து வூட்டுக்காரங்க இடிக்கற வண்டி வந்த பொறவு கதவை எடுக்க ஓடினாங்க, விடல. இது ஒண்ணாவது இருக்கட்டும். போவன்பள்ளியில அவரு அக்கா வூட்டுல போட்டு வெப்போம். வூடு நின்னா திரும்ப மாட்டிக்கறது எவ்வளோ நேரம்?"

கடைசிக் கீலும் கழன்றது. இர்பான் ஆட்டோவில் இடம் ஒதுக்க ஓடினான். கதவு சுவரில் சாய்ந்து நின்றது. வாசலுக்குள் வீடு முழுவதும் தெரிந்தது: அடுப்பு, மடித்து வைத்த பாய், கொடியில் காயும் ஸ்கூல் யூனிஃபார்ம். இத்தனை வருடத்தில் வேதா வாசல் தாண்டிப் பார்த்ததேயில்லை. தமிழ் பேசியதெல்லாம் படியில் உட்கார்ந்துதான்.

"அந்தப் பக்கம் பிடிங்கக்கா," என்றாள் சபீனா.

வேதா தொப்பியைக் கழற்றிப் படியில் போட்டுவிட்டுக் கதவின் மறுமுனையைத் தூக்கினாள். நினைத்ததைவிட இரண்டு மடங்கு கனம். இடுப்பு வலித்தது. சந்து குறுகல். இன்னும் கலைந்துபோகாமல் நின்றிருந்த இருபத்தெட்டுப் பேரும் இருபுறமும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில் இரண்டு பெண்களும் கதவைப் படுக்கைவாக்கில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சபீனா குள்ளம், அதனால் கதவு அவள் பக்கம் சரிந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதன் தாழ்ப்பாள் நழுவி நழுவிக் கட்டையில் இடித்தது. நாலு அடி போனதும் சபீனா மூச்சு வாங்க நின்றாள், வேதாவும் நின்றாள். கேமராப் பெண் போனை உயர்த்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தாழ்த்திக்கொண்டாள். சபீனா கையை மாற்றிப் பிடித்து, "ம்" என்றாள். மறுபடி நடந்தார்கள்.