சம்பந்தி வாங்கிய டாலர்

மெத்தைக் கம்பெனி முதலாளி காலையில் பல் விளக்குவதற்கு முன்பே டாலர் விலையைப் பார்த்துவிடுவார். பார்த்த கையோடு, விளக்காத பல்லோடு மருமகளைத் தேடி வருவார்.

“இன்னைக்கும் இறங்கிருக்கும்மா,” என்பார், யாரோ செத்துப்போன செய்தியைச் சொல்வதுபோல.

நியாயமாகப் பார்த்தால் அவர் சந்தோஷப்பட வேண்டும். மெத்தைக்கு நுரை தயாரிக்கும் ரசாயனத்தை அவர் டாலர் கொடுத்துத்தான் வாங்குகிறார். புது இயந்திரத்துக்கு எடுத்த கடனும் டாலரில்தான். ஆனால் கம்பெனியின் நிதிப் பொறுப்பை ஏற்ற புதிதில் மருமகள் அவரை வங்கிக்கு அழைத்துப் போய் இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்கியிருந்தாள். ஒன்று ஸ்வாப்: ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் கடன் வட்டியை ஒரே விகிதத்தில் கட்டிப்போடுவது. இன்னொன்று ஃபார்வர்டு: இனி மாதாமாதம் தேவைப்படும் டாலரை, அன்றைக்கே பேசி முடித்த விலைக்கு வாங்கிக்கொள்வது. டாலர் எவ்வளவு ஏறினாலும் கவலையில்லை. இறங்கினாலும் பேசிய விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

அந்தக் கடைசி வாக்கியம் முதலாளியின் காதில் விழவில்லை. அவர் அப்போது, துணிக்கடையில் நிற்பவர்போல, விலையில் நாலு காசு குறைக்கச் சொல்லி வங்கி அதிகாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு டாலர் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. வட்டி ஏறியது. ஸ்வாப் இருந்ததால் கம்பெனிக்கு அதில் நல்ல மிச்சம். அதைப் பற்றி முதலாளி மூச்சு விடவில்லை. மிச்சமானால் அது அவருடைய கைராசி, நஷ்டமானால் மருமகள். இந்தப் பேச்சு ஆரம்பித்ததும் அவள் கணவன் குளிக்கப் போய்விடுவான். அந்த வருடம் அவன் ரொம்பச் சுத்தமாக இருந்தான்.

இதுகூடப் பரவாயில்லை. அவளுடைய சொந்த அப்பா ஒரு தலையணைக் கம்பெனி நடத்தினார். அதே ரசாயனம், அதே டாலர். ஆனால் அவர் எந்த ஒப்பந்தமும் போடவில்லை. டாலர் விழ விழ அவருக்குச் செலவு குறைந்தது, பேச்சு கூடியது. மகள் வீட்டுக்கு வந்தால் சோபாவில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார்.

“எம் பொண்ணு கெட்டிக்காரிதான் சம்பந்தி. ஆனா அவ பேச்சை நான் சின்ன வயசுலேர்ந்தே கேட்டதில்ல. அதான் பொழச்சேன்.”

முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. மறுநாளே வங்கி அதிகாரியை அலுவலகத்துக்கு வரவழைத்தார். ஃபார்வர்டை ரத்து செய்ய வேண்டும் என்றார். எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் அந்த அதிகாரி இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

“ரத்து பண்ணா இப்பவே நஷ்டத்தைக் கட்டணும் சார். அதுக்குப் பதிலா புதுசா ஒரு திட்டம் இருக்கு. பழைய நஷ்டத்தை இதுலயே கரைச்சிடலாம். டாலரை இன்னைய மார்க்கெட் விலையைவிடக் குறைச்சலா தர்றோம்.”

“ஓசியிலயா?”

“ஓசியிலதான் சார். ஒரே ஒரு சின்ன நிபந்தனை. டாலர் இந்த எல்லைக்குக் கீழ போனா, நீங்க மாசாமாசம் ரெண்டு மடங்கு டாலரை அதே விலைக்கு வாங்கிக்கணும். அவ்வளவு கீழ எங்க சார் போகப்போகுது?”

முதலாளி பேனாவைத் திறந்தார். மருமகளும் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் செல்லும். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் போட மாட்டேன் மாமா.”

“ஏன்?”

“நமக்கு வேண்டிய டாலரை வாங்குறது பாதுகாப்பு. வேண்டாத டாலரை வாங்குறேன்னு எழுதிக் கொடுக்கிறது சூதாட்டம். கட்டாயம் வேணும்னா என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுக்கோங்க.”

“வீட்டுலதான் எதிர்த்துப் பேசுறேன்னா இங்கயுமா?”

“வீட்டுல நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மாமா.” அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். “டாலர் விழுந்தா எங்களுக்கு எவ்வளவு போகும்னு அவருக்கு ஒரு தாள்ல வரைஞ்சு காட்டுங்க.”

அதிகாரி தயக்கத்தோடு ஒரு கோடு வரைந்தார். கோடு கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. எல்லை வந்ததும் சட்டென்று சரிந்து, தாளின் அடி விளிம்பு வரை இறங்கியது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“இது எங்க போய் முடியுது?”

“தாள் முடிஞ்சிடுச்சு சார்.”

“தாள் முடிஞ்சா நஷ்டமும் முடிஞ்சிடுமா?”

அதிகாரி தண்ணீர் குடித்தார். முதலாளி பேனாவை மூடினார். அன்று மதியம் மருமகளைக் கூப்பிடாமலே சாப்பிட்டார். ஃபார்வர்டு அப்படியே தொடர்ந்தது. காலைப் புலம்பலும் தொடர்ந்தது.

வங்கி அதிகாரி அதே தாளோடு தலையணைக் கம்பெனிச் சம்பந்தியிடம் போனார். சம்பந்திக்குக் கோடு பார்க்கும் பொறுமை கிடையாது. இத்தனை நாளும் தன் மூளையால்தான் டாலர் விழுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர், மார்க்கெட்டைவிடக் குறைந்த விலை என்றதும் விழுந்துவிட்டார். இரண்டு மாதம் எல்லாரிடமும் பெருமையடித்தார். மூன்றாவது மாதம் டாலர் எல்லையைத் தாண்டி விழுந்தது. அவர் தொழிலுக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு டாலரை, சந்தையில் யாரும் கொடுக்காத விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. மீதி டாலரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தலையணைக்குள் அடைக்கவா முடியும்?

அவர் மகளுக்குப் போன் செய்தார். “கொஞ்சம் வந்துட்டுப் போம்மா. உங்க மாமாகிட்ட சொல்லாத.”

அவள் சொல்லவில்லை. ஆனால் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா அவள் முகத்தைப் பார்த்தார், தானும் ஏறிக்கொண்டார்.

சம்பந்தியின் அறை முழுக்கத் தலையணை மாதிரிகள். நடுவில் அவர் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தார்.

“கிண்டல் பண்ணத்தானே வந்தீங்க?”

“ஆமா,” என்றார் முதலாளி. “காபி சொல்லுங்க. தெம்பு வேணும்.”

சொன்னபடியே செய்தார். மனுஷர் ஒரு வருடமாக வாங்கிய கிண்டலை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். அப்பா தலை குனிந்திருப்பதை மகளால் பார்க்க முடியவில்லை. ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, வங்கியோடு நெடுநேரம் பேசிவிட்டு வந்தாள்.

“மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்து இன்னைக்கே முடிச்சிடலாம்ப்பா. இழுத்தா இன்னும் போகும்.” தொகையைச் சொன்னாள்.

அப்பா நாற்காலியில் இன்னும் கொஞ்சம் அமுங்கினார். “அவ்வளவு ரொக்கம் எங்கிட்ட இல்ல.”

முதலாளி ஒரு தலையணையை எடுத்து அமுக்கிப் பார்த்தார். “என் மெத்தையோட சேர்த்து விக்க ஒரு வருஷத்துக்குத் தலையணை வேணும். விலையை இப்பவே பேசுவோம். பணம் முன்கூட்டியே தர்றேன்.”

“நாளைக்குத் தலையணை விலை ஏறினா?”

“அது உங்க தலையெழுத்து. இறங்கினா என் தலையெழுத்து. போடுங்க கையெழுத்தை.”

அப்போதும் நாலு காசுக்கு இருவரும் ஒரு மணி நேரம் பேரம் பேசினார்கள்.

திரும்பி வரும் வழியில் முதலாளி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினார். சிக்னலில் நிறுத்தியதும் கேட்டார்.

“உங்கப்பாவை ரொம்பப் பேசிட்டேனோ?”

“ஆமா மாமா. ரொம்ப.”

“கோவமா?”

“ஆமா.”

பச்சை விழுந்ததும் அவர் வண்டியை எடுத்தார். “ஆனா அந்த வேண்டாத டாலர்ல சட்டை தைச்சுக்கச் சொன்னேன் பாரு, அது நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல?”

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.