61,340 புள்ளிகள்

1983 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, நில அளவைத் துறைக் குடியிருப்பில் ஆறாம் எண் வீட்டு முன்னறையில், பதினான்கு அங்குலத் தொலைக்காட்சித் திரையின் மேல் மூலையில் 61,340 என்ற எண் நின்றிருந்தது.

அந்தப் புள்ளிகளை எடுத்தவள் என் மனைவி.

அந்நாளைய ஆட்டப்பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. சுவிட்சை அணைத்தால் புள்ளிகள் போய்விடும். அதனால் வீடியோ விளையாட்டுக்கென்று வந்துகொண்டிருந்த மாத இதழ் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் திரையைப் புகைப்படம் எடுத்து, இதழின் கடைசிப் பக்கத்துப் படிவத்தோடு அனுப்ப வேண்டும். முதல் மூன்று பேரின் பெயரும் தொழிலும் அச்சாகும். ஃபிளாஷ் போட்டால் திரை வெள்ளையாகிவிடும் என்பதால் அதற்கும் குறிப்புகள் கொடுத்திருந்தார்கள்: ஜன்னலை மூடு, கேமராவை ஸ்டூல் மேல் நிறுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்து.

பெட்டியை வாங்கியவன் நான். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். பென்சில் கோட்டைக்கூட அளவுகோல் வைத்தே அடிப்பேன் என்பதால் அலுவலகத்தில் என் பெயர் ‘ஸ்கேல்’. பக்கத்து மேசைக்காரர் ‘லெப்டினன்ட்’. ராணுவத்தின் பக்கமே போகாதவர். ஆனால் தினமும் காலையில், முந்தைய நாள் தன் வீட்டுத் திரையில் நடந்த போரை, அழிப்பான்களை எதிரிக் கப்பல்களாகவும் மூலைமட்டத்தைத் தன் கப்பலாகவும் வைத்து மேசைமேல் நடத்திக் காட்டாமல் வேலையைத் தொடங்க மாட்டார். அவருடைய கணக்கு 34,210. இதழின் பட்டியலில் மூன்று மாதமாக அதுதான் முதலிடம். என்னுடையது ஒன்பதாயிரத்தைத் தாண்டியதில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆட்டம் எளிமையானது. திரையின் அடியில் நம் கப்பல். மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கும் எதிரிகள். இடமோ வலமோ நகர்ந்து சுட வேண்டும். மூன்று உயிர்கள். எதிரிகள் குறையக் குறைய மீதமிருப்பவை வேகமாகும்.

என் மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். எண்பது விளக்குகள் கொண்ட பலகையின் முன் எட்டு மணி நேரம் உட்காருவாள். எந்த விளக்கு எரிகிறதோ அந்தத் துளையில் கம்பியைச் செருகி, யாருக்கு யார் வேண்டும் என்று கேட்டு இணைக்க வேண்டும். காலை முறை முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்தால், கால் நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு நான் செத்துச் செத்து விளையாடுவதைப் பார்ப்பாள்.

“நீங்க கப்பலயே பாக்குறீங்க,” என்றாள் ஒருநாள். “அது உங்க கையிலதான இருக்கு, எங்க ஓடிடப் போகுது? மேல பாருங்க. மொத்தமா பாருங்க.”

வாயால் சுடுவது சுலபம் என்று சொல்லி ஜாய்ஸ்டிக்கை அவளிடம் நீட்டினேன். முதல் மூன்று ஆட்டத்தில் மளமளவென்று உயிரை விட்டாள். நான்காவதில் என்னைத் தாண்டினாள். இரண்டு வாரத்தில், எந்த எதிரி எப்போது குண்டு போடும் என்பது அவளுக்கு அது போடுவதற்கு முன்பே தெரிந்தது. விளையாடும்போது பேசமாட்டாள், முகத்தில் ஒன்றும் இருக்காது. வேலையில் இருக்கும்போதும் இப்படித்தான் இருப்பாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பதாயிரம் தாண்டியதும் எழுந்துபோய் ஜன்னலில் போர்வையை மாட்டினேன். ஸ்டூலைக் கொண்டுவந்து கேமராவை அதன்மேல் வைத்தேன். கடைசி உயிர் போனபோது அவள் அசையாமல், இரண்டு கையாலும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து நான்கு படங்கள் எடுத்தேன்.

“என் பேரப் போடுவீங்கல்ல?” என்றாள்.

“போடாம? உன் பேரு, உன் வேலை எல்லாம் போடுறேன்.”

படிவத்தை அலுவலகத்தில் மதிய இடைவேளையில் நிரப்ப உட்கார்ந்தேன். முதலில் எண்ணை எழுதினேன். ஒவ்வொரு இலக்கமும் கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது லெப்டினன்ட்டின் தலை என் தோளுக்கு மேல் வந்தது.

“என்ன ஸ்கேல், படிவத்தையும் அளந்துதான் நிரப்புவீங்களோ?” என்றவர் எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “யாருய்யா எடுத்தது?” என்றார்.

“நான்தான்.”

ஒரு நொடியில் வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிரிவு முழுவதையும் கூப்பிட்டுச் சொன்னார். மூன்று மாதம் அவர் தலையில் வைத்திருந்த கிரீடத்தை அத்தனை பெருந்தன்மையோடு கழற்றித் தருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெயர் என்ற இடத்தில் என் பெயரையும், தொழில் என்ற இடத்தில் வரைவாளர் என்பதையும் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு படிவம் எழுதியிருக்கலாம். அதே இதழ் அலுவலக வாசல் கடையிலேயே கிடைத்தது. மாலையில் அந்தக் கடையைத் தாண்டித்தான் தபால்பெட்டிக்குப் போனேன்.

செப்டம்பர் கடைசியில் இதழ் வந்தது. என் மனைவி அதைப் பிரித்து, வாசலில் நின்றபடியே படித்தாள். படம் தீப்பெட்டி அளவில் புள்ளி புள்ளியாக வந்திருந்தது. கீழே என் பெயர்.

அச்சுப்பிழையாக இருக்கும் என்றேன்.

“அச்சுல ஒரு எழுத்து மாறும், ரெண்டு எழுத்து மாறும். நான் நீங்களா மாறுவேனா?”

சந்தா என் பெயரில் இருப்பதால் அவர்களாகவே அப்படிப் போட்டிருப்பார்கள் என்று சொன்னேன். நாள் முழுக்க மற்றவர்களின் குரலைக் காதில் வாங்குகிறவள் அவள். என் குரலில் என்ன கேட்டாளோ, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, ஒரு கடிதம் எழுதிப் போட்டால் மாற்றிவிடுவார்கள் என்றாள். எழுதுவதாகச் சொன்னேன். இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் எழுதிவிட்டதாகச் சொன்னேன்.

பட்டியலின் முதல் மூன்று பேரையும் வைத்துப் பெரிய கடைவீதியில் இருந்த மின்சாதனக் கடை ஒன்றில் போட்டி நடத்தப்போவதாக அக்டோபரில் அழைப்பு வந்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணி. அவள் அழைப்பை இரண்டு தரம் படித்தாள்.

“நல்லதாப் போச்சு. கடிதம் எல்லாம் வேணாம். அங்க போய் நேர்லயே சொல்லிடுங்க, நானும் வர்றேன்.” வேலை முறையை மாற்றிக்கொள்ளத் தோழி ஒருத்தியிடம் சொல்லிவைத்துவிட்டாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் நானும் முடிவு செய்திருந்தேன். கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, இது என் மனைவி எடுத்தது, பெயர் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டால் போதும். பேருந்தில் அந்த வாக்கியத்தை மனதுக்குள் நாலைந்து விதமாக அடுக்கிப் பார்த்தேன். எந்த விதத்தில் சொன்னாலும் அதில் லெப்டினன்ட் நின்றார்.

அவர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். எங்கள் பிரிவிலிருந்து ஆறு பேரையும் கூட்டி வந்திருந்தார். இரண்டாமிடம் என்பதால் அவரும் போட்டியாளர். மூன்றாமவர் ஒரு பல் மருத்துவர். குளிர்பெட்டிகளுக்கும் சலவை இயந்திரங்களுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு, புது வண்ணத் தொலைக்காட்சியை வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் சுவரில், கடைக்காரர் என்னை மகிழ்விப்பதற்காகச் செய்த ஏற்பாடு இருந்தது. நான் அனுப்பிய புகைப்படத்தை இதழிடமிருந்து வாங்கி, மூன்றடி அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்.

ஆட்டத்தின் திரை பெரும்பாலும் விண்வெளி. அதாவது கறுப்பு. கறுப்புக் கண்ணாடி எதிரில் இருப்பதைக் காட்டும். நாள் முழுக்கக் கண்ணாடி மேசைமேல் தாளை விரித்து வேலை செய்யும் எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஆனால் தீப்பெட்டி அளவுப் படத்தில் அது தெரியவில்லை. மூன்றடியில் தெரிந்தது. எண்ணுக்குக் கீழே, எதிரிகளுக்கு நடுவே, மங்கலாக ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவன் ஸ்டூலின் மேல் குனிந்திருந்தான்.

என் மனைவி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இதைவிட நல்ல நேரம் உங்களுக்குக் கிடைக்காது என்று சொல்வதுபோல் இருந்தது.

லெப்டினன்ட் மூக்கைப் படத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“என்ன ஸ்கேல், இங்க தங்கச்சி கையிலல்ல இருக்கு துப்பாக்கி?”

எங்கள் பிரிவு சிரித்தது. கேலி மட்டும்தான், அவர் எதையும் சந்தேகிக்கவில்லை. இப்போது யோசித்தால், அவர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் என்றுகூடச் சொல்லலாம். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

“ஆட்டம் முடிஞ்சதும் நான் படம் எடுக்கணுமே,” என்றேன். “கீழ விழாம புடிச்சுக்கன்னு அவகிட்டக் குடுத்தேன்.”

அதுவும் சரிதான் என்று பல் மருத்துவர் தலையாட்டினார். என் மனைவி கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

முதலில் பல் மருத்துவர் ஆடி 22,000 சொச்சம் எடுத்தார். லெப்டினன்ட் 31,000. பிறகு என்னை உட்காரவைத்தார்கள். மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்பது நினைவிருந்தது. ஆனால் கப்பலைத்தான் பார்த்தேன். முதல் உயிர் ஒரு நிமிடத்துக்குள் போனது. கை வியர்த்திருக்கிறது என்று கடைக்காரர் ஒரு துணியைக் கொடுத்தார். இரண்டாவது போனதும், ஜாய்ஸ்டிக் இறுக்கமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். கடைப் பணியாளர் வேறொன்றை மாட்டி, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கிவைத்தார். அந்த ஆட்டம் 8,720-இல் முடிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பதில் எல்லோரும் எனக்காகக் காரணம் தேடினார்கள். கூட்டம் என்றார் ஒருவர். வண்ணத் திரை பழக்கமில்லை என்றார் இன்னொருவர். நேற்று முழுக்க எல்லைக்கோடு வரைந்த கை, அதுதான் தளர்ந்துவிட்டது என்றார் லெப்டினன்ட். அவர் அதை மெய்யாகவே நம்பிச் சொன்னார்.

சூழ்நிலையைச் சமாளிக்கத்தான் கடைக்காரர் என் மனைவி பக்கம் திரும்பினார். “மேடம், படத்துல நீங்கதான புடிச்சிருக்கீங்க. சும்மா ஒரு ஆட்டம் ஆடுங்களேன்.”

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். கைப்பையைக் கழற்றிச் சலவை இயந்திரம் ஒன்றின் மேல் வைத்தாள்.

“அவளுக்கு இதெல்லாம் தெரியாதுங்க,” என்றேன்.

அவள் நின்றாள். சுவரில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்தாள். கைப்பையை எடுத்து மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஆமாங்க,” என்றாள் கடைக்காரரிடம், இணைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லும் அதே குரலில். “எனக்குத் தெரியாது. அவர்தான் ஆடுவார்.”

திரும்பும் வழியில் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தோம். பாதி வழியில் நானாகவே, லெப்டினன்ட் முன்னால் எப்படிச் சொல்வது என்று ஆரம்பித்தேன். ரொட்டி வாங்க வேண்டும், கடை நிறுத்தம் வந்தால் சொல்லுங்கள் என்றாள்.

அடுத்த வாரம் இதழுக்கு உண்மையாகவே ஒரு கடிதம் எழுதினேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அவள் எடுத்தது என்று எழுதினால், கடையில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது பொய் என்றாகிவிடும். லெப்டினன்ட் அந்த இதழை வரி விடாமல் படிப்பவர். கடைசியில் அனுப்பியதில் இரண்டே வரிகள் இருந்தன. என் புள்ளிகளை என்னால் மீண்டும் நிரூபிக்க முடியாததால் அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி கேட்டுக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவள் அதன்பிறகு ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை. நான் விளையாடினால் உள்ளறைக்குப் போய்விடுவாள். அதனால் நானும் விட்டுவிட்டேன்.

டிசம்பர் இதழில் பட்டியல் 34,210-இல் தொடங்கியது. பக்கத்தில் லெப்டினன்ட்டின் பெயர் இருந்தது.