விட்காம்ப் பெயரில் ஒரு கல்

எண்பது வயது வெர்னா ஜெலங்கா அன்று மாலை கல்லூரி அறங்காவலர் கூட்டத்துக்கு வரும்போதே வயிறெரிந்துகொண்டுதான் வந்தாள். பின்னே என்ன? முதல் கட்டடத்துக்கு விட்காம்ப் பெயரை வைத்து, 'நிலம் வழங்கிய நிறுவனர்' என்று கல்லில் வெட்டப் போகிறார்களாம். வழங்கினாராம்! வீட்டுமனை விற்றுக் கொழுத்த அந்த மனுஷன் ஒரு பிடி மண் தந்ததில்லை. சிகாகோவின் மேற்குப் புறநகரில் கல்லூரி வேண்டுமா என்று 1967இல் வாக்கெடுத்தபோது, வேண்டாமென்று தெருத்தெருவாக விளம்பர அட்டை நட்டவரே அவர்தான். இப்போது அவர் மகன் கல்லூரி விளையாட்டரங்குக்குக் கூரை போட்டுக் கொடுத்ததும் அப்பா நிறுவனராகிவிட்டார்.

கல்லூரி வேண்டுமென்று வீடு வீடாகக் கதவு தட்டியவள் வெர்னா. ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு இடம் பார்த்தவர்கள் கை காட்டியது அவள் மாமனார் எமிலின் எண்பது ஏக்கர் சோளக்காட்டை, வீடும் சேர்த்து. அவர் மறுத்தார். நீதிமன்ற ஆணையோடு வந்து எடுத்துக்கொண்டார்கள்.

"ஊர்க் கதவையெல்லாம் தட்டினியே, கடைசியில நம்ம கதவையே பேத்துட்டியேம்மா" என்றவர், அதன்பின் சாகும்வரை ஆறு வருஷம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமனார் இழந்ததை இன்னொருத்தன் கொடுத்ததாக எழுதினால் எந்த நெஞ்சு பொறுக்கும்? கூட்டத்தில் ஊர்க்காரர்கள் மைக்முன் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் உண்டு. அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள்.

"விலாசம் சொல்லுங்க மேடம்" என்றார் தலைவர் கேரட்.

"மக வீட்டுல இருக்கேன். ஓடைக்கு அந்தப் பக்கம், ஆல்டர் தெரு."

"அடடா, அது நம்ம கல்லூரிக்கு வரி கட்டற எல்லைக்குள்ள வராதே. வெளியில இருக்கறவங்க பேச முடியாதுங்க. விதி அப்படி."

"விதியா? அப்ப பழைய விலாசத்தை எழுதிக்குங்க. டட்டில் ரோடு, பதினாலாம் நம்பர்."

குறிப்பெடுக்கும் பெண் ஷெல்பி கணினியில் தேடினாள். "அப்படி ஒரு விலாசமே இல்லையே மேடம்."

"எப்படிம்மா இருக்கும்? இடிச்சதே நீங்கதானே!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேரட் சுத்தியலைத் தட்டினார். அறங்காவலர்கள் ஏழு பேரும் கை தூக்கினார்கள். ஒரு கேள்வி கிடையாது. விட்காம்புக்குக் கல் உறுதியாகிவிட்டது.

வெர்னா நேரே ஷெல்பியிடம் போனாள். "நான் வந்ததையாவது எழுதினியா?"

ஷெல்பி தயங்கித் தயங்கித் திரையைத் திருப்பினாள். 'வெளியாள் ஒருவர் வந்திருந்தார்.'

"பேசினவங்க பேரை மட்டுந்தான் போடணுமாம், மேடம்."

"வெளியாளா?" ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீ நாற்காலி போட்டிருக்கியே, இங்கதான் எங்க அடுப்பு இருந்துச்சு. நான் வெளியாள்னா, எங்க மாமனார் வீட்டுக்குள்ள உக்காந்திருக்கற நீங்கெல்லாம் யாரு?"