ஆரம், விட்டம், நாலு மார்க்

கணக்கு டீச்சருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. திருத்தும் மையத்தில் கொடுத்த ஆறிப்போன டீ காரணமல்ல. மேசைமேல் கிடந்த விடைக்குறிப்புதான்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தேர்வு அது. இருபத்தைந்து கணிதச் சொற்கள். ஒவ்வொன்றையும் சொந்த நடையில் விளக்கினால் இரண்டு மார்க். நாற்பத்தைந்து எடுத்தால் விடுதிப் பள்ளியில் இடம், படிப்பு முடிகிறவரை சாப்பாடும் துணிமணியும் இலவசம். ஒரு மார்க் குறைந்தாலும் கிடையாது.

விடைக்குறிப்பின்படி, வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புவரை போகும் கோடு விட்டமாம். ஒரு விளிம்பிலிருந்து மையம் வழியாக எதிர் விளிம்புக்குப் போவது ஆரமாம். அடக் கடவுளே, தலைகீழ்! எந்த மகராசனோ படம் மாறிப்போன ஒரு கைடைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறான். கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று மூன்று கையெழுத்து வேறு. மூன்று பேரும் கணக்கு வாத்தியார்கள். தூ!

விடைக்குறிப்பை எடுத்துக்கொண்டு முதன்மைத் தேர்வாளரிடம் போனாள். வாயைத் திறந்தால் சுற்றறிக்கை எண்ணும் தேதியும்தான் கொட்டும் என்பதால் எல்லோரும் அவருக்குச் சுற்றறிக்கை என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"சார், ஆரத்தையும் விட்டத்தையும் மாத்திப் போட்டிருக்காங்க."

"தப்போ சரியோ, குறிப்பு குறிப்புதான் டீச்சர்."

"வட்டம் போட்டுக் காட்டட்டுமா?"

"எனக்கு வட்டம் தெரியாதா? இருபத்தெட்டு வருஷமா நான் என்ன மாடா மேச்சேன்? மேல எழுதிக் கேட்டா பதில் வர ஒரு மாசமாகும். நாளைக்கு ரிசல்ட். போய்த் திருத்துங்க."

சொல்லிவிட்டு அவர் பல்குச்சியால் கடைவாயைக் குடைந்தார். வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் குடைந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் வழுக்கை சார். அந்த அறையிலேயே மூத்தவர்.

"நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"எனக்குக் காலையிலயே தெரியும்மா. நமக்கெதுக்கு வம்பு?" என்றபடியே ஒரு சரியான விடையின் குறுக்கே சிவப்பு மையால் இழுத்தார். கை கூசவே இல்லை. தெரியாதவனை மன்னிக்கலாம், இந்த மனிதரை என்ன செய்வது?

அவளுக்குத் திருத்தத் தந்த கட்டுக்குள் ஒரு விடைத்தாள் இருந்தது. 'டிபன் பாக்ஸ் மூடியை அளந்து பார்த்தேன். நடுப்புள்ளி வழியா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எட்டு விரல். அது விட்டம். நடுவிலிருந்து ஓரம் வரை நாலு விரல். அது ஆரம்.' இதைவிட எவன் விளக்குவான்! மொத்தம் நாற்பத்தாறு போட்டுக் கையெழுத்திட்டாள்.

அரை மணி நேரத்தில் தாள் திரும்பி வந்தது, கூடவே சுற்றறிக்கையும்.

"நாப்பத்தாறு எப்படி வந்துச்சு? குறிப்புப்படி நாலு குறையணும். நீங்க மாத்தலைன்னா வேற ஆள் மாத்துவாங்க. உங்களுக்கு மெமோ வரும். அவ்வளவுதான் வித்தியாசம்."

வழுக்கை சார் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அறையில் திருத்திக்கொண்டிருந்த மற்ற எட்டுப் பேரும் அப்படியே. அவள் பேனாவை எடுத்தாள். நாற்பத்தாறை அடித்து நாற்பத்திரண்டு என்று எழுதினாள். தன் விரல்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த தாளைப் பிரித்தாள். ஆரம், விட்டம் இரண்டுக்கும் அந்தப் பிள்ளை முதலில் சரியாக எழுதி, அளவுகோல் வைத்துப் படமும் போட்டிருந்தது. பிறகு இரண்டையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே கைடில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் பொடியாக ஒரு வரி: 'இப்படி எழுதினால்தான் மார்க் என்று எங்கள் கணக்கு சார் சொன்னார்.'

அவள் விருட்டென்று எழுந்து போய்த் தாளைச் சுற்றறிக்கையின் முன்னால் வைத்தாள்.

"சார், இதுக்குச் சரியானது தெரியும். தெரிஞ்சேதான் தப்பா எழுதியிருக்கு. பத்து வயசு சார்! இதைக் கத்துக்குடுத்தது நாமதான்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

"புத்திசாலிப் புள்ள. பொழைச்சுக்கும். நாலு மார்க்கும் போடுங்க."

போட்டாள்.