இரண்டரை மணிக் காட்சியில் ஒரு பதில்

1

இந்தக் கதை திருடியது. முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் சந்தேகம் இருக்காது. திருடிய இடம் ஒரு திரையரங்கின் எட்டாவது வரிசை. நேரம், மதியம் இரண்டரை மணிக் காட்சி.

எனக்குப் பேய்ப்படம் ஆகாது. அன்றைக்கு மழைக்கு ஒதுங்கினேன், கால் வலித்தது, உட்கார இடம் கிடைக்குமே என்று டிக்கெட் வாங்கினேன். சுவரொட்டியில் ஒரு கதவு மட்டும்தான் இருந்தது. கதவு என்றால் குடும்பப் படமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த வயதில் எனக்கு இருக்கிற அறிவு அவ்வளவுதான் கண்ணுகளா, நீங்கள் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

படத்தில் ஒரு பெண். கணவன் இறந்துவிட்டான். ஆனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் பூட்டு திரும்புகிறது. யாரோ உள்ளே வருகிறார்கள். ஷூவைக் கழற்றுகிறார்கள். முகம் கிடையாது, ரத்தம் கிடையாது, அவ்வளவுதான் பேய். பல்லும் நகமுமாக வருகிற பேய்க்கு நான் பயந்ததே இல்லை; அது என் வீட்டுக்கு வழி தெரியாமல் முழிக்கும். இது அப்படியில்லை. இரண்டு சுற்று சுற்றி, தோளால் ஒரு முட்டு முட்டினால்தான் திறக்கும் அந்தப் பூட்டு. அச்சு அசலாக என் வீட்டுப் பூட்டு. உங்கள் வீட்டுப் பூட்டாகவும் இருக்கலாம். நிஜத்தைப் போல இருக்கிற பொய்க்குத்தான் நான் பயப்படுகிறேன்.

கதவு திறந்தபோது அரங்கமே அலறியது. நான் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டேன்.* அப்போது பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள், கைக்குட்டையை நாலாக மடித்தபடி, காய் நறுக்கிக்கொண்டே பேசுகிற மாதிரி, திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"வந்துட்டீங்களா?"

என்னிடம் இருப்பது இந்த ஒரு வார்த்தைதான். விளக்கு போட்டதும் அவள் எழுந்து போய்விட்டாள். கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். நான் இருக்கைக்கு அடியில் என் இடது கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

[* பைக்குள் இருந்த குடைக்கம்பி மூக்கில் குத்தியது. அலறியவர்களில் நியாயமான காரணத்தோடு அலறியவள் நான் ஒருத்திதான்.]

2

முதல் தொடக்கம்: "காரிருள் சூழ்ந்த அந்தப் பழைய பங்களாவில்—" [அடித்துவிட்டேன். பங்களாவுக்குள் நான் கால் வைத்ததே இல்லை.]

இரண்டாவது: "அவள் விழிகளில் ஆழ்ந்த சோகம்—" [இதையும். நான் பார்த்தது கைக்குட்டையை.]

மூன்றாவது: "மரணம் என்பது என்ன? அது—" [அது என்ன? இந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். கோடு நீளவில்லை.]

நான்காம் நாள் பாத்திரம் தேய்க்கும்போது பொறி தட்டியது. அந்தப் பூட்டுச் சத்தத்தை யாரோ ஒருவர் செய்திருக்க வேண்டுமே! சினிமாவில் நடக்கிற கால் ஒருவருடையது, கேட்கிற காலடி இன்னொருவருடையது என்று எங்கோ படித்திருக்கிறேன். செய்தவள் அந்த அம்மாளின் தங்கையாக இருந்தால்? அப்படி ஒரு தங்கை உண்டா என்று கேட்காதீர்கள். நான் வைத்தேன், இருக்கிறாள்.

3

அவளுக்கு வீட்டில் பெயர் சத்தக்காரி. வேலை செய்யும் கூடத்தில் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள்: ஒன்றில் ஜல்லி, ஒன்றில் பலகை, ஒன்றில் மொசைக். எங்கும் போகாத ஐந்து கதவுகள் சட்டத்தோடு நின்றுகொண்டிருக்கும். திரையில் எவனுக்கோ எலும்பு முறிந்தால் இவள் முட்டைக்கோஸைப் பிளப்பாள். கதாநாயகன் ஓடினால் இவள் ஆண்கள் ஷூவை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடுவாள். முட்டி வலிக்கு எண்ணெய் அவளுக்கு, கைதட்டல் அவனுக்கு.

அந்தப் படத்துக்கு அவள் பதினான்கு முறை பூட்டைத் திறந்து பார்த்தாள். இயக்குநர் ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா சினிமாச் சத்தமா இருக்கு. எனக்கு வீட்டுச் சத்தம் வேணும்."

"பேய் வர்ற சத்தம் வீட்டுச் சத்தமா எப்படிங்க இருக்கும்?"

"பேயே வேணாம் மேடம். வேலைக்குப் போயிட்டு அலுத்துப்போய் ஒரு ஆள் வரணும். மிச்சத்துக்கு ஜனங்களே பயந்துக்குவாங்க."

சத்தக்காரியிடம் இருபது வருடச் சேமிப்பு உண்டு. போகிற வீடெல்லாம் ஒலிப்பதிவுக் கருவியை எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவாள். பதிவுகளுக்குத் தலைப்பாகப் பொருளின் பெயரைத்தான் எழுதுவாள், ஆளின் பெயரை எழுதவே மாட்டாள். பெயர் எழுதினால் ஆளைத்தான் கேட்கத் தோன்றும், சத்தம் காதில் விழாது என்பது அவள் கட்சி. அப்படித் தேடியதில் ஒன்று அகப்பட்டது: "சாவி, பழைய பூட்டு, ஆண், களைப்பு." இரண்டு சுற்று, தோள் முட்டு, இடது ஷூ தொப்பென்று, வலது ஷூ மெதுவாக. பதினோரு விநாடி வெட்டி ஒட்டினாள். இயக்குநர் கையை நீட்டிக் காட்டினார். மயிர்க்கூச்செறிந்திருந்தது.

அது யார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அக்காள் வீட்டுச் செருப்பு அலமாரியில் இரண்டு வருடத்துக்கு முன் அவள் மறந்து வைத்த பதிவு அது. வந்தவர் அத்தான். அவர் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

4

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். சொந்த அத்தானின் காலடி தெரியாமல் போகுமா? வியாழக்கிழமைகளில் வாசகசாலையில் என் கதையைப் பொறுமையாகக் கேட்கிற சில நல்ல உள்ளங்கள் உண்டு. அவர்களில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா பிடித்துக்கொண்டார்.

"இது நம்புற மாதிரி இல்லீங்க. கல்லு மனசா அவளுக்கு?"

தையல்காரர் என்னைக் காப்பாற்றினார்.

"கல்லெல்லாம் இல்லம்மா. இருபது வருஷமா வர்ற கஸ்டமர், கடைத்தெருவுல வணக்கம் வெச்சா எனக்கு யாருன்னே தெரியாது. திரும்பி நடந்தா, தோள் பதினெட்டுன்னு டக்குனு வந்துரும். தொழில் பண்ற வேல அது."

தையல்காரரை இந்தக் கதையில் சேர்ப்பதாக இல்லை. உதவி செய்தவரை வெளியே நிறுத்த மனம் வரவில்லை, அதனால் இருக்கட்டும்.

5

அக்காள் ஒரு நாள் மத்தியானம் குடையும் கையுமாக நேரே வேலைக்கூடத்துக்கே வந்துவிட்டாள். எங்கும் போகாத கதவு ஒன்றைத் திறந்துகொண்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உன் படத்தப் பதினோரு தடவ பாத்துட்டேன்டி. டிக்கெட் கிழிக்கிறவரு இப்பல்லாம் என்னக் கண்டா எழுந்து நிக்கிறாரு."

"உனக்குத்தான் பேய்ப்படமே ஆகாதேக்கா!"

"எங்கடி பேய்? ஒரு மனுஷன் வேலைய முடிச்சுட்டு வீட்டுக்கு வர்றாரு. அதுக்கு எதுக்கு அத்தன பேரும் கத்துறாங்க?"

சத்தக்காரி கையிலிருந்த ஷூவைக் கீழே போட்டாள். இடது ஷூ. தொப்பென்று விழுந்தது. அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.

"அக்கா... அத்தானா அது?"

"அவரேதான். கரப்பான்பூச்சிய அடிங்கன்னா, கதவத் தொறந்து வழி காட்டி அனுப்பி வைப்பாரே, அந்த மனுஷன். அவரப் பாத்து ஊரே நடுங்குது. நல்லா இருக்குடி உன் வேல."

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா. பேரு எழுதி வைக்கல."

"எழுதி வெச்சாத்தான் தெரியுமா? உன் கல்யாணத்துக்கு அந்தக் காலாலதான்டி ஊரெல்லாம் சுத்துனாரு!"

"எடுத்துரலாம்னா, படம் வெளிய வந்துருச்சேக்கா."

"யாரு எடுக்கச் சொன்னா? எனக்கு மிச்சம் வேணும்."

"என்ன மிச்சம்?"

"ஷூ கழட்டுனதுக்கு அப்புறம். 'நான் வந்துட்டேன்'னு ஒரு குரல் குடுப்பாரு தினமும். உன் மெஷின்ல இருக்கும்ல?" அக்காள் கைக்குட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "ஆறு மணிக்கு நான் சீரியல்ல உக்காந்திருப்பேன். அவரு குரல் குடுத்தா நான் பதில் சொல்லுவேனா மாட்டேனா, நெனவே வரலடி. முப்பத்தோரு வருஷம். குழம்புக்கு உப்பு பத்தலன்னு அவரு மொறைச்சதெல்லாம் தேதியோட ஞாபகம் இருக்கு. இது மட்டும் இல்ல. அந்தப் படத்துல அவ கத்துறா. நான் கத்தல. ஆனா பேசவாவது பேசினேனா?"

"நாளைக்கு வாக்கா. தேடி வைக்கிறேன்."

அக்காள் போனதும் சத்தக்காரி முழுப் பதிவையும் கேட்டாள். பூட்டு. தோள். இடது, வலது. "நான் வந்துட்டேன்." பின்னால் சீரியலில் யாரோ ஒரு மாமியார் சபதம் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரே "ம்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். சத்தக்காரி ஒலியைக் கூட்டிக் கூட்டி மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். சபதம்தான் பெரிதாகக் கேட்டது.

அவளுக்கு எதிரே ஒலிவாங்கி நின்றுகொண்டிருந்தது. அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே குரல். போனில் அத்தானே பல தடவை ஏமாந்து, இவளை அக்காள் என்று நினைத்துப் பத்து நிமிடம் திட்டியிருக்கிறார்.

6

முடிவுகள், எனக்கு எட்டிய வரையில்:

அவள் உள்ளதை உள்ளபடி போட்டுக் காட்டினாள். [நர்ஸம்மா கேட்டது இது. "பொய் சொன்னா காயம் ஆறாதுங்க."]

பதிவு அழிந்துபோச்சு என்று சொன்னாள். [இது நான் எழுதியது. எழுதிய கையோடு வெட்கப்பட்டு அடித்தேன்.]

ஒலிவாங்கி முன் நின்று, "வந்துட்டீங்களா?" என்று ஒரு தடவை சொன்னாள். சினிமாவாக இருந்தது. இன்னொரு தடவை. அதுவும் சினிமா. காய் நறுக்குகிற மாதிரி கையில் எதையாவது வைத்துக்கொண்டால் சரியாக வரும் என்று முட்டைக்கோஸை— [தையல்காரர் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்காகவாவது இதையே வைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் இல்லாத ஒன்றை உண்டு என்று கேட்க வைத்து ஆறுதல் சொல்வது, நான் செய்கிற தொழிலேதான். என் தொழிலுக்கு நானே நற்சான்று எழுதிக்கொண்டால் யார் நம்புவார்கள்?]

மறுநாள் நடந்தது மட்டும் எனக்கு நிச்சயம். அக்காள் வந்தாள். சத்தக்காரி அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். நான் கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அக்காள் கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, அதன் பஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"டிவிய எவ்வளவு சத்தமா வெச்சிருக்கேன் பாரு, பாவி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தங்கையின் கையை மட்டும் ரொம்ப நேரம் விடவில்லை. எதைக் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னாள், உள்ள பதிவையா, பதில் ஒட்டியதையா? இந்த வரியை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டேன், இரண்டு பக்கமும் பொருந்துகிறது. இதற்கு மேல் என்னைத் துளைக்காதீர்கள்.

7

போன வாரம் நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன், இந்தத் தடவை மழை இல்லாமலே. எட்டாவது வரிசையில் பக்கத்து இருக்கை காலி. பூட்டு திரும்பியது. தோள் முட்டியது. ஷூக்கள் விழுந்தன. எல்லோரும் அலறினார்கள். அத்தனை கூட்டத்தில் அந்த மனிதருக்கு ஒரு பதில் சொல்ல ஆளில்லை. நான் சொல்லியிருப்பேன். சொல்ல வேண்டும் என்றே போனவள்தான். வாய் நிறையச் சோளப்பொரி. மென்று விழுங்குவதற்குள் காட்சி மாறிவிட்டது.

படம் இன்னும் ஓடுகிறது, மதியம் இரண்டரைக்கு. நேரம் இருந்தால் போங்கள். சோளப்பொரி வாங்காதீர்கள். பூட்டு இரண்டு சுற்று சுற்றும். அதற்குள் தொண்டையைச் செருமி வைத்துக்கொள்ளுங்கள்.