அரக்கனின் தமிழ்த் தலை

இதிகாசத்தில் அந்த அரக்கனுக்கு ஒரு தலைதான். படம் ஐந்து மொழிகளில் வெளியாவதால் ஐந்து தலைகள் வைத்தார்கள். நடுவில் இந்தி, அதற்கு வலப்பக்கம் தெலுங்கு, இடப்பக்கம் தமிழ், இரண்டு ஓரங்களிலும் கன்னடமும் மலையாளமும். தமிழ்த் தலையாக சாலிகிராமம் சிகாமணி ஒப்பந்தமானார்.

சிகாமணி தொலைக்காட்சித் தொடர்களில் மாமனாராக வருபவர். சில சமயம் நீதிபதி. கனத்த குரல். ஆனால் அந்தக் குரலுக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் “காபி கொண்டாம்மா”, “கோர்ட் கலையலாம்” என்ற அளவுதான். பெரிய திரையில் ஒரு முழு வசனம் பேசிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

“தலை மட்டும் போதும் சார்” என்றார் தயாரிப்பு நிர்வாகி. “உடம்புக்கு வேற ஆள் போட்டாச்சு.”

அந்த உடம்பு லூதியானாவில் ஜிம் நடத்தும் ஒருவனுடையது. அவனுடைய தலை படத்துக்குத் தேவைப்படவில்லை. அது ஐதராபாத்தில் ஓட்டல் அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது.

தலையைக் கழற்றி வைத்துக்கொண்டு உடம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிகாமணியின் உடம்பை அழைத்துப்போக அவர் மனைவி பூங்காவனம் வந்திருந்தாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, கையை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். வடபழனி சிக்னலில் போக்குவரத்துக் காவலர் வண்டியை மறித்தார். பின்னால் இருப்பவர் ஏன் ஹெல்மெட் போடவில்லை என்று கேட்டுக்கொண்டே அருகில் வந்தவர், பார்த்துவிட்டு, “சரி, போங்கம்மா” என்றார்.

சிகாமணி இந்த வேடத்துக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு வசனத்துக்காக. இதிகாசத்தில் அரக்கன் போரில் விழுந்ததும் நாயகனைக் கூப்பிட்டுச் சொல்வான்: “வென்றவனே, என் நாட்டுக் கிணறுகள் ஆழமில்லாதவை. உன் யானைகளை அங்கே விடாதே. என் ஜனங்கள் குடிக்கிற தண்ணீர் அது.” அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவான். ரயிலில் ஐதராபாத் போகும் வழியெல்லாம் சிகாமணி இதைச் சொல்லிப் பார்த்தார். ‘யானைகளை’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று முடிவுசெய்தார்.

படப்பிடிப்பு பச்சைத் துணி போர்த்திய கொட்டகையில் நடந்தது. அரண்மனை, மலை, சேனை எல்லாமே பச்சைத் துணிதான். தலைகளை வரிசையாகப் பொருத்தி முடித்ததும், இடது கை தமிழ், மலையாளத் தலைகளின் பொறுப்பில் வந்தது. மலையாளத் தலை குரியாக்கோஸ், திருச்சூர் நாடக நடிகர். பக்கத்துக் கழுத்துக்காரர் என்பதால் இருவரும் சீக்கிரமே நெருங்கிவிட்டார்கள். வயிறு ஒன்றுதான். அதில் முட்டையின் வெள்ளைக்கருவைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது என்று உத்தரவு. அதையும் இந்தித் தலைதான் சாப்பிட்டது. மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரியாக்கோஸ் கண்ணை மூடிக்கொண்டு மத்திக் குழம்பு வைக்கும் முறையை மெல்லிய குரலில் சொல்லுவார். சிகாமணி பதிலுக்கு மிளகு ரசம் சொல்லுவார்.

இயக்குநர் ஸ்ரீநிகேத் அதற்கு முன்பு குளிர்சாதனப் பெட்டி விளம்பரங்கள் எடுத்தவர். அவர் எல்லாவற்றையும் மெதுவாக எடுத்தார். நாயகன் திங்கட்கிழமை விட்ட அம்பு வியாழக்கிழமைதான் அரக்கனின் மார்புக்கு வந்து சேர்ந்தது. நடுவில் எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள்.

அம்பு தைத்ததும் சிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, “வென்றவனே” என்று ஆரம்பித்தார்.

“சார், சார், அது இல்ல” என்று ஸ்ரீநிகேத் ஓடிவந்தார். “அரக்கன் போய் கிணத்தப் பத்தியெல்லாம் பேசினா மாஸ் போயிடும். மாத்தியாச்சு. அஞ்சு தலையும் சேர்ந்து சொல்றீங்க: ‘நான் நிழல் இல்லடா, இருட்டு!’ சொல்லிட்டு ஒரு உறுமல்.”

“இதுக்கு என்ன அர்த்தம் தம்பி?”

“ட்ரெய்லர்ல வரும் சார்.”

“மூலத்துல அந்த கிணறு...” என்று இழுத்தார் சிகாமணி.

“மூலத்துல ஒரு தலைதான் சார்” என்றார் தயாரிப்பாளர் நாற்காலியிலிருந்து. “அதெல்லாம் ஒரு பட்ஜெட்டா?”

ஐந்து தலைகளும் நான் நிழல் இல்லடா இருட்டு என்றன. உறுமல் சிகாமணிக்குச் சரியாக வரவில்லை. அதைப் பிறகு ஒரு புலியை வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

உச்சக்கட்டத்தில் நாயகன் ஒரு தலையை வெட்ட வேண்டும். தமிழ்ப் படத்தில் தமிழ்த் தலை விழுந்தால் மனம் புண்படும் என்பதால் மலையாளத் தலையை வெட்டுவது என்றும், மலையாளத்தில் தமிழை வெட்டுவது என்றும் முடிவாயிற்று. தெலுங்கில் கன்னடம், கன்னடத்தில் தெலுங்கு. இந்தியில் எதை வெட்டுவது என்று அதிகம் யோசிக்கவில்லை. மிச்ச நான்கையும் வெட்டிவிட்டார்கள்.

“உங்க ஊர்ல நான் விழுறேன், எங்க ஊர்ல நீங்க விழுறீங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றார் சிகாமணி.

“சாரமில்ல, பரவால்ல சிகாமணி சாரே” என்றார் குரியாக்கோஸ். “எந்தாயாலும் ஒரே உடம்பல்லே.”

வாரம் ஒருமுறை சிகாமணி இடது கையால் வீட்டுக்குப் போன் செய்வார்.

“எப்படி இருக்கு?”

“எது?”

“என் உடம்புதான்.”

“அதுக்கென்ன, நல்லா இருக்கு” என்றாள் பூங்காவனம். “சர்க்கரை இறங்கிடுச்சாம், டாக்டர் சொன்னாரு. காலையில கீரை ஆஞ்சு குடுத்துச்சு. துணி காயப் போட்டுச்சு. ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல.”

“அதுக்கு வாயே இல்லையே, பூங்காவனம்.”

“அதத்தான் சொல்றேன்.”

அடுத்த போனில், உடம்பு மறுபடியும் தொடருக்குப் போவதாகச் சொன்னாள். மாமனார் பாத்திரத்தை நிறுத்த முடியாமல் தொடர்க்காரர்கள் உடம்பையே வரச்சொல்லிவிட்டார்களாம். சோபாவில் உட்காருவது, எழுந்து நிற்பது, மருமகளை ஆசீர்வதிப்பது எல்லாமே கச்சிதமாக இருக்கிறதாம். முன்பு முகத்தில் கொஞ்சம் மிகை இருந்தது, இப்போது அது போய்விட்டது என்று தொடரின் இயக்குநர் சொன்னாராம். அந்த ஆண்டின் சிறந்த மாமனார் விருதும் அதற்கே கிடைத்தது. மேடையில் அது கைகூப்பிய விதத்தைப் பார்த்துப் பலர் அழுதார்கள். சிகாமணி அதை ஒப்பனை அறைத் தொலைக்காட்சியில் பார்த்தார். வேட்டியை யாரோ புதிதாக வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவர் ரசத்தைப் பற்றிப் பேசவில்லை.

படம் வெளியானது. பக்தி போதவில்லை என்று ஒருவர் வழக்குப் போட்டார். கிராபிக்ஸ் போதவில்லை என்று இன்னொருவர் போட்டார். இருவருக்கும் ஒரே வக்கீல். தயாரிப்பாளர் இரண்டு வழக்குகளையும் சுவரொட்டியில் போட்டு இரண்டாம் பாகத்தை அறிவித்தார். இரண்டாம் பாகத்தில் எல்லா மொழியையும் இந்தித் தலையே பேசிவிடும், அதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்றார்கள். மற்ற தலைகள் கழற்றப்பட்டன. குரியாக்கோஸை திருச்சூர் ரயிலில் ஏற்றினார்கள். பிளாட்பாரத்தில் இருவருக்கும் கைகொடுத்துக்கொள்ள வழியில்லை. அதனால் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டார்கள்.

சென்னை ரயிலில் சிகாமணிக்கு ஜன்னலோர இருக்கை. எதிரில் இருந்த அம்மாள் அவரை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, ஆரஞ்சு உரித்து வாயில் கொடுத்தாள்.

“படத்துல இருந்தீங்களே?” என்றாள். “தமிழ்ல உங்கள வெட்டவே இல்லையே. எங்க வீட்ல எல்லாருக்கும் வருத்தம்.”

வீட்டுக் கதவை உடம்புதான் திறந்தது. கழுத்து இருந்த இடம் தோல் மூடி, உள்ளங்கை போல வழுவழுவென்று ஆகியிருந்தது. அது அவரை ஆட்டோக்காரரிடமிருந்து வாங்கி, மேலெல்லாம் தடவிப் பார்த்து, யார் என்று தெரிந்துகொண்டது. பிறகு சாப்பாட்டு மேசையில் வைத்தது.

“இனிமே மேல உட்கார முடியாது போல” என்றார் சிகாமணி.

“டாக்டர்கிட்ட போனா வெட்டித் திறந்துடுவாரு” என்றாள் பூங்காவனம். “ஆனா அதையும் ஒரு வார்த்த கேக்கணும்ல.” உடம்பின் பக்கம் திரும்பி, “என்னப்பா சொல்ற?” என்றாள்.

உடம்பு எழுந்து ஜன்னல் ஓரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தன் முதுகை சிகாமணி பார்ப்பது அதுதான் முதல் தடவை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. இத்தனை வருடம் அந்தத் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு, அது வலிக்கிறதா என்று அவர் கேட்டதில்லை.

“வேணாம்” என்றார் அவர். “அது இஷ்டப்படியே இருக்கட்டும்.”

மறுநாள் காலை உடம்பு நடக்கப் புறப்பட்டபோது, செருப்பைப் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தது. சிகாமணியை எடுத்து, இடது கை மடிப்பில் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டது. பூங்காவனத்தோடு மூவரும் பூங்காவரை போய் வந்தார்கள். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் வணக்கம் சொன்னார். உடம்பு வலது கையைத் தூக்கியது, சிகாமணி சிரித்தார்.

“கழுத்துல இருந்தப்ப ரோட்டையே பாத்துக்கிட்டு நடப்பீங்க” என்றாள் பூங்காவனம். “இப்பதான் என் மூஞ்சியப் பாத்துப் பேசுறீங்க.”

சிகாமணிக்குக் காதில் உடம்பின் இதயத் துடிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. அது தன்னுடையதுதான் என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது வாசலில் ஒரு நதி நின்றுகொண்டிருந்தது. இதிகாசத்தின் மூன்றாம் காண்டத்தில் ஓடுகிற நதி. இரண்டாம் பாகத்தில் தன் இடத்தில் எரிமலைக் குழம்பு ஓடப்போவதாகவும், வேறு எங்கே போவது என்று தெரியவில்லை, படத்திலிருந்து கழற்றிவிடப்பட்டவர் வீடு என்று யாரோ இந்த முகவரியைச் சொன்னார்கள் என்றும் அது தயங்கித் தயங்கிச் சொன்னது. பூங்காவனம் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தி வழிவிட்டு, மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு வரச்சொன்னாள்.