பாறை எந்த மழைக்குப் பூக்கும்

1

இந்தக் கதை நான் சொல்லாமல் விட்ட ஒரு பதிலிலிருந்து வந்தது. பதில் இன்னும் கிடைக்கவில்லை. கதையை மட்டும் எழுதிப் பார்க்கிறேன், கண்ணுகளா. எழுத்து நானே கூட்டிக் கூட்டிப் படித்தது, கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

“ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் எட்டுப் பெண்கள் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்த…”

வேண்டாம். தூசிதான் முதலில் வரவேண்டும். (தோலைப் பதப்படுத்த அந்தப் பட்டைத்தூள்தான்.) கூரை ஓட்டை வழியாக வெயில் இறங்கும், தூசி அதில் ஏறும். எதிரே இருப்பவள் முகம் கனவில் வந்த முகம்போலக் கலங்கும். என் எதிரே பட்டம்மாள். என்னைப் பூவு என்பாள். புருஷன் செத்து மூன்று மாசம்; வீட்டில் இரண்டு பிள்ளைகள், இவள் இடித்தால்தான் கஞ்சி.

எங்களுக்கு ஒரு வழக்கம். பாட்டில் ஒருத்தி கேள்வி வைத்தால், எதிரே இருப்பவள் பதில் பாடும்வரை யார் உலக்கையும் இறங்காது.

3

அன்றைக்கு அவள் வைத்தது:

பட்டை உரிச்ச ஆவாரை மறு மழைக்குப் பூக்கும்
பாத்து நிக்கிற பாறை எந்த மழைக்குப் பூக்கும்?

ஆவாரை அவள்தான். பாறை? நான் என்று தோன்றியது. அவள் வீட்டில் சாவு விழுந்த அன்று தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான். (காரணம் எழுதி மூன்று முறை அடித்தேன். வாந்திபேதிச் சாவு. பயம். அவ்வளவுதான்.)

எட்டு உலக்கையும் மேலே நின்றன. சத்தம் அடங்கியதும் மேஸ்திரி சர்தார் பாஷா வந்தார்.

“இங்க பாத்துக்கினு நிக்கிறவன் நான்தானே? என்னைத்தானே பாறைன்ற?”

“பாட்டு, மேஸ்திரி. யாருக்கு உறைக்குதோ அவங்களுது.”

“வாய் ஜாஸ்தி உனக்கு. யாருன்னு சொல்லு. இல்லன்னா நாளைக்கு வராத.”

“பூவு சொல்லுவா. அவ முறை.”

4

மேஸ்திரியைக் கெட்டவராக எழுதக் கை ஓடுகிறது. விடமாட்டேன். பெண்சாதியை அடக்கம் செய்த மறுநாளே வேலைக்கு வந்தவர் அவர். அழுது யாரும் பார்க்கவில்லை.

ஒரே பாறைக்கு நானும் மேஸ்திரியும் இரண்டு பேர் வந்து நிற்கிறோம். [பட்டம்மாள் மலையைப் பார்த்துச் சும்மா பாடியிருக்கலாம். ஆம்பூரைச் சுற்றிப் பாறைக்கா பஞ்சம்?]

5

ஒரு முடிவு: “பாறை நான்தாண்டி” என்று பாடினேன். மேஸ்திரி சிரித்துவிட்டார். உலக்கைகள் இறங்கின.

அழகாக இருக்கிறது. பொய்.

என் வாய் திறக்கவில்லை. பட்டம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு உலக்கையைச் சுவரில் சாய்த்தாள், புடவையைத் தட்டினாள். மஞ்சளாக ஒரு மேகம் எழுந்தது. அதற்குள்ளிருந்து,

“கை வலிக்கப் போவுது பூவு, இறக்கு,” என்றாள்.

மேகம் கலைந்தபோது வாசலில் வெயில்தான் இருந்தது, அவள் இல்லை.

6

நான் உலக்கையை

இறக்கினேன் என்று எழுதினால் கதை முடிந்துவிடும். நாற்பது வருஷமாக அது மேலேதான் நிற்கிறது. இப்போது அவள் எதிரே இருப்பது நீங்கள், கண்ணுகளா. முறை உங்களுடையது.

எந்த மழைக்கு?